ஈசிஆரில் மனநல நிதிக்காக ஒரு சைக்கிள் பயணம்: கிளம்பும் முன்

மனநலத்துக்காக, சென்னையிலிருந்து புதுச்சேரி வரை ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதித்து நிதி திரட்டலாம் என்று ஒரு குழு கூடினால், முதலில் பேச்சு ஜெர்சி வடிவத்தில்தான் ஆரம்பிக்கும். அதைத் தள்ளிவைத்துவிட்டு, பணம் யார் கணக்குக்குப் போகும் என்று பேசுங்கள். சென்னையிலேயே 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு மனச்சிதைவுச் சிகிச்சையிலும் ஆய்விலும் இருக்கிறது. 1986இல் வந்த ஸ்நேகாவுக்குத் தற்கொலைத் தடுப்புதான் வேலை. 1993இல் வந்த பேன்யன், மனநோயோடு தெருவில் தவிப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறது. எதற்காக மிதிக்கிறீர்கள் என்று ஒரே வரியில் சொல்ல முடியாவிட்டால் தெரிந்தவர்களே கொடுக்கத் தயங்குவார்கள்.

அமைப்பிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு, நன்கொடை நேராக அவர்கள் கணக்கில் விழும்படி செய்யுங்கள். உங்கள் ஜிபேயில் வாங்கி மொத்தமாக அனுப்பினால் ரசீது உங்கள் பெயரில் வரும். கொடுத்தவருக்கு 80ஜி, அதாவது நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, போச்சு. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அதே கதை. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகையே கிடையாது, அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஜெர்சி, சாப்பாடு, துணை வண்டிக்கு நன்கொடையைத் தொடக் கூடாது.

அக்டோபர் 10 உலக மனநல நாள் என்பதால் எல்லோருக்கும் அந்தத் தேதிமேல் ஆசை. மழை வாசலில் நிற்கும் மாதம் அது. அன்று அறிவிப்பை வெளியிட்டு, ஜனவரியில் மிதியுங்கள். அப்போது வடகிழக்குக் காற்று புதுச்சேரி வரை முதுகைத் தள்ளும். கோடையில் முற்பகல் தாண்டினால் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து முகத்தில் அடிக்கும்.

தூரம் சுமார் 150 கி.மீ. வாரக் கடைசியில் 40 கி.மீ.யில் தொடங்கி, வாரம் பத்துப் பதினைந்து கூட்டி, நாலாவது வாரம் குறைத்து, பயணத்துக்கு இரண்டு வாரம் முன் 110ஐத் தொட்டால் போதும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்கு இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும்.

28 மி.மீ. டயருக்கு, 70 கிலோ ஆள் என்றால் காற்றழுத்தம் 75–80 பிஎஸ்ஐ. பஞ்சரானதும் புது டியூபை அவசரமாகப் போடாதீர்கள். டயரின் உட்புறத்தை விரலால் தடவிக் கம்பித் துணுக்கை எடுக்காவிட்டால் அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி இறங்கும். டியூபில் பிரெஸ்டா என்ற மெல்லிய வகை வால்வு இருந்தால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும், வழியோரக் கடைக் காற்றுக்குழாய் அதில் பொருந்தாது. விடியுமுன் கிளம்புவதால் முன்விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர், இரண்டு வாழைப்பழம் அல்லது கடலைமிட்டாய். வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும், ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள். மரக்காணம் உப்பளப் பக்கம் நிழலே இல்லை, அதற்கு முன் பாட்டில்களை நிரப்பிவிடுங்கள்.

பயிற்சியில் வராத வேலை ஒன்று உண்டு. அறிவிப்பு போட்ட அன்றிரவே, தெரியாதவர்கள் தங்கள் கஷ்டத்தை எழுத ஆரம்பிப்பார்கள். படித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், ஆலோசகராகவும் மாறாதீர்கள். காது கொடுங்கள், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐக் கொடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். பதில் சொல்லும் பொறுப்பைக் குழுவில் இரண்டு பேருக்கு முன்பே பிரித்துக்கொடுங்கள், ஒருவரால் தாங்காது. யார் கதையையும் அவர் சம்மதமின்றி நன்கொடைப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். இறந்தவரைப் பற்றி எழுதினால் எப்படி இறந்தார் என்ற விவரம் வேண்டாம்.