தசைச் சோர்வுப் பாடத்தை நேரத்தை வைத்துப் படியுங்கள்

உடற்பயிற்சி உடலியங்கியல் என்றாலே நம்ம பக்கத்து உடற்கல்வி மாணவர்களுக்கு ஒரு கிலி. மைதானத்தில் புலியாக இருப்பார்கள். போர்டில் ஏடிபி (செல்லுக்கு உடனடி ஆற்றல் தரும் மூலக்கூறு) என்று எழுதினால் பின் பெஞ்சுக்கு நகர்ந்துவிடுவார்கள். கோயமுத்தூரில் இதே படிப்பைப் படித்துத் தேர்வெழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சமன்பாடுகளில் ஆரம்பிக்காதீர்கள், நேரத்தில் ஆரம்பியுங்கள்.

முழு மூச்சாக இயங்கினால் தசையில் இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று நொடிக்குத்தான் காணும். அதை உடனுக்குடன் நிரப்பிக் கொடுப்பது தசையில் சேமித்திருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற சேர்மம். அதுவும் பத்து நொடி வாக்கில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. அதில் கணுக்காலைப் பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் பாய்கிறானே, அந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் பாஸ்போகிரியாட்டின் தயவு. அது பாதி அளவுக்குத் திரும்ப ஊற ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். முழுசாக ஊற மூன்று முதல் ஐந்து நிமிடம். ஒரே ஆளை அடுத்தடுத்து ரெய்டுக்கு அனுப்பினால் ஏன் துவண்டுபோகிறான் என்று கேட்டால் இங்கிருந்துதான் பதில் தொடங்க வேண்டும்.

அப்புறம் கிளைகாலிசிஸ் (ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து ஏடிபி எடுக்கும் வழி), அதன் பிறகு ஆக்சிஜன் வழி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று இவை தொடர் ஓட்டம் ஓடுவதில்லை. மூன்றும் முதல் நொடியிலேயே கிளம்பிவிடும், பங்குதான் மாறும். முழு வேகத்தில் ஏறத்தாழ 75 நொடி ஓடினால் ஆக்சிஜன் வழி பாதி, மற்ற இரண்டும் சேர்ந்து பாதி. ஏடிபி கணக்கும் குழப்பும்: ஒரு குளுக்கோஸ் ஆக்சிஜன் வழியில் முழுதாக எரிந்தால் கிடைக்கும் ஏடிபி பழைய புத்தகங்களில் 36 அல்லது 38, புதியவற்றில் 30 அல்லது 32. விரிவான விடை என்றால் இரண்டையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

சோர்வு பற்றிய கேள்விக்கு ‘லாக்டிக் அமிலம் சேர்வதால்’ என்று ஒரே வரியில் முடிப்பது நம்மிடம் வழிவழியாக வரும் வியாதி. தசை ஆய்வாளர்கள் ஹில்லும் மேயர்ஹாஃபும் 1922-க்கான நோபல் பரிசு பெற்ற காலத்துச் சிந்தனையின் மிச்சம் அது. மெக்கார்டில் என்ற மரபு நோய் உள்ளவர்களின் தசையால் கிளைக்கோஜனை (தசையில் சேமித்த குளுக்கோஸை) உடைக்க முடியாது; கடுமையாக உழைத்தாலும் லாக்டேட் (லாக்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) ஏறாது. இருந்தும் மற்றவர்களைவிடச் சீக்கிரமே களைத்துப்போகிறார்கள்! எனவே பாஸ்போகிரியாட்டின் உடையும்போது சேரும் பாஸ்பேட், தசைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறையிலிருந்து கால்சியம் வெளிவருவது குறைதல், செல்லுக்கு வெளியே பொட்டாசியம் கூடுதல், ஹைட்ரஜன் அயனி சேர்தல், மூளையிலிருந்து வரும் தூண்டல் தளர்தல் என்று பல காரணங்களை எழுதுங்கள். லாக்டேட் வெறும் கழிவும் அல்ல, இதயத் தசை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் வரும் தசை வலிக்கும் லாக்டேட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். சென்னிமலைப் படியேறி இறங்கியவர் அடுத்த நாள் “தொடை கழண்டுபோச்சுங்க” என்று சுவரைப் பிடித்து உட்காருவார். ஏறிய லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் இயல்புக்கு வந்திருக்கும். வலிக்கு முக்கியக் காரணம் இறங்கியது: தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கியதால் ஏற்பட்ட நுண் சிதைவு.

வரைபடம் கட்டாயம் போடுங்கள். கீழே நேரம், பக்கவாட்டில் பங்கு விழுக்காடு, ஒன்றையொன்று வெட்டும் மூன்று வளைகோடுகள். அச்சுகளுக்குப் பெயர் எழுத மறக்காதீர்கள்.