ஆறு கெஜமும் 476 ஜிபியும்

நாகர்கோவிலில் ஒரு லேப்டாப் கடையில் சேல்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அப்போது எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர், கல்லூரி லேபில் டேலி போட்டதும் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினியில் சினிமா பார்த்ததும்தான். பி.காம். முடித்து நாலு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றவள் நான். விற்கத் தெரியும் என்ற தைரியம் மட்டும் இருந்தது.

கடைக்காரர் ஒரு லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். வெளியே ஸ்டிக்கரில் சேமிப்பு இடம் 512 ஜிபி. திரையில் 476.

"கஸ்டமர் வந்து பாக்கி 36 எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"விண்டோஸ் எடுத்துக்கிட்டு சார்."

சிரித்துவிட்டார். "விண்டோஸ் எடுத்தது அந்த 476க்கு உள்ளயாக்கும் கெடக்கு. படிச்சிட்டு வா பிள்ளே."

படிக்கத்தான் போனேன். வடசேரி பக்கம் ஒரு பயிற்சி நிலையம், மூன்று மாதம், 9,000 ரூபாய், இரண்டு தவணை. வீடு திருவட்டாறு பக்கம். அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. ஆனி, ஆடியில் மழை விடாமல் பெய்தால் பால்வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. இரண்டாம் தவணை அப்படித்தான் தள்ளிப்போனது. காலையில் இலவச டவுன் பஸ்ஸுக்காகக் காத்து நின்று, தக்கலையில் மாறி, பாதி நாட்கள் வகுப்புக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்வேன்.

முதல் பத்து நாள் வீண். வெற்றிடக் குழாய், முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று கம்ப்யூட்டரின் வரலாற்றை நோட்டில் எழுதவைத்தார்கள். லேப்டாப் வாங்க வந்த ஒருவர்கூட இன்றுவரை என்னிடம் வெற்றிடக் குழாயைப் பற்றிக் கேட்டதில்லை.

பதினோராம் நாள் ஸ்குரூ டிரைவரைக் கையில் கொடுத்தார்கள். அதிலிருந்துதான் படிப்பு. மேசைமேல் பழைய டெஸ்க்டாப் பெட்டி ஒன்று. பவர் கார்டைப் பிடுங்கு, பிறகு பவர் பட்டனை ஒருதரம் அமுக்கு, மிச்சமிருக்கும் கரண்ட் போகட்டும், பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வை என்றார் பயிற்சி சார். பக்கத்துத் தகட்டைக் கழற்றினால் ஒரு பிடி தூசி, எறும்பு, மூலையில் இரண்டு பல்லி முட்டை. என்னோடு படித்த பையன்கள் பின்னால் நகர்ந்தார்கள். நான் பிரஷ் எடுத்துக்கொண்டேன். சேலை ஸ்டோர் ரூமில் பார்க்காததா!

அந்த வாரமே ஒரு சேதமும் செய்தேன். ரேம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது தகவலை வைத்துக்கொள்ளும் பட்டை. அதில் நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு இருக்கும். பட்டையை மாட்டும் ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு. இரண்டும் பொருந்தினால்தான் இறங்கும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற மூன்று வகை ரேமுக்கும் அந்த வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று போகாது. இதையெல்லாம் நோட்டில் எழுதிவிட்டுத்தான் பட்டையைத் திருப்பிப் பிடித்து அமுக்கினேன். 'டக்'. ஸ்லாட்டின் ஓரக் கொக்கி உடைந்து கையோடு வந்தது.

"என்ன பிள்ளே, ரப்பர் மரத்துல கத்தி போடுதியா?" என்றார் சார். அப்பாவின் வேலை அவருக்குத் தெரியும். வகுப்பே சிரித்தது. எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அதற்குப் பிறகு ரேம் எனக்குத் தவறியதே இல்லை.

அதே ரேமை வைத்து இன்னொன்றும் காட்டினார். பெட்டி ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, 'பீப் பீப்' சத்தம். ரேமைக் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் பல்வரிசையைப் பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டினார். திரை வந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரிக்கு ரப்பரை விட்டால் வேறு பிழைப்பே இல்லைபோல என்று நினைத்துக்கொண்டேன். குளச்சல், முட்டம் பக்கமிருந்து சர்வீஸுக்கு வரும் பெட்டியை எங்கிருந்து வந்தது என்று கேட்காமலே சார் சொல்லிவிடுவார். ஸ்குரூவில் துரு, யுஎஸ்பி வாயில் பச்சை. உப்புக்காற்றின் கையெழுத்து.

கை வேலையில் இன்றுவரை அதிகம் உதவுவது சிஆர்2032 என்ற வட்ட பேட்டரிதான். பழைய கம்ப்யூட்டரில் 'நெட் வருது, எந்த சைட்டும் திறக்கமாட்டேங்குது' என்று வருவார்கள். கீழ் மூலையில் தேதியைப் பார்த்தால் பல வருடம் பின்னால் கிடக்கும். உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில் இருக்கும் அந்த பேட்டரி தீர்ந்துவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தப்பினால் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை பிரவுசர் நம்பாது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

சாப்ட்வேர் பகுதியில் விண்டோஸ் போடுவது பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். பென்டிரைவில் ஏற்றி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் கொடுத்தால் பெரும்பாலும் ஏறிவிடும். இன்டெலின் 11ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர், அதாவது மூளை, உள்ள சில லேப்டாப்களில் மட்டும் டிஸ்க்கே இல்லை என்று காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் சின்ன சாப்ட்வேரான ஸ்டோரேஜ் டிரைவரைத் தனியாக ஊட்டினால் தெரியும். இது தெரியாமல் நாங்கள் மூன்று பேர் ஒரு மதியம் முழுக்க நல்ல எஸ்எஸ்டி டிஸ்க்கைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம்.

டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் பாடத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கடையில் நின்று பார்த்த பிறகு சொல்கிறேன், அதற்கு ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாப்ட் கணக்கைப் போட்டு உள்ளே போனாலே பெரும்பாலும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு என்றைக்காவது பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை சாப்ட்வேர், அப்டேட் ஆனபிறகு 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி முதல் நாள் போட்ட மெயில் கணக்கில்தான் இருக்கும். கடைப் பையன் அவசரத்தில் ஏதோ ஒரு மெயிலை உருவாக்கிப் போட்டிருந்தால், படம், புராஜெக்ட் எல்லாம் போயிற்று. நான் பில் போடும்போதே மெயிலையும் பாஸ்வேர்டையும் வாங்குபவரையே ஒரு தாளில் எழுதவைத்து, வீட்டு டாக்குமெண்ட் வைக்கிற இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.

விற்பனைப் பாடம் கடைசி மாதம். ஒருவர் கஸ்டமராக உட்கார வேண்டும், மற்றவர் விற்க வேண்டும். பையன்கள் எடுத்ததும் "8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, ஃபுல் ஹெச்டி" என்று ஒப்பித்தார்கள். என் முறை வந்தபோது நான் "யாருக்கு எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். பழக்கதோஷம். சேலைப் பிரிவில் விலையைக் கேட்பது கடைசி. கல்யாணமா, பால்காய்ச்சா, அம்மாவுக்கா, அத்தைக்கா என்பதுதான் முதல். நர்சிங் படிக்கும் மகளுக்கு என்றால் பையில் தூக்கிப் போக எடை குறைவாக வேண்டும். வக்கீல் ஆபீசுக்கு என்றால் விசைப்பலகையில் தனி நம்பர் பட்டன் வேண்டும். ரேம் பின்னால் ஏற்ற இடம் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்களா என்று நாமே பார்த்துச் சொல்ல வேண்டும். சார் அன்றுதான் என்னை முதல்முறை பாராட்டினார்.

எனக்குப் பெரிய பாடம் பிராசஸரின் மாடல் நம்பர் படிப்பது. "ஐ5தான் வேணும்" என்று வருகிறவர்களே அதிகம். ஐ5-7200யு என்றால் 7ஆம் தலைமுறை, இரண்டே கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் பகுதி இரண்டே. ஐ3-1215யு என்றால் 12ஆம் தலைமுறை, ஆறு கோர். பேரில் சின்னதான ஐ3 அந்தப் பழைய ஐ5ஐத் தூக்கிச் சாப்பிடும். எண் 1ல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, இல்லாவிட்டால் முதல் இலக்கம் மட்டும் என்று ஒரு சூத்திரம் சொல்லித் தந்தார்கள். நான் அதை மனப்பாடம் செய்து முடிக்கும்போது புது லேப்டாப்களில் இன்டெல் அந்த 'ஐ' எழுத்தையே எடுத்துவிட்டு கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயரை மாற்றிவிட்டிருந்தது.

476க்கு விடை ஒரு சனிக்கிழமை கிடைத்தது. டிஸ்க் செய்கிற கம்பெனி ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1024ஐ மூன்றுமுறை பெருக்கி வருவதை ஒரு ஜிபி என்கிறது. போனில் கால்குலேட்டரை எடுத்து 51,200 கோடியை 1024ஆல் மூன்றுமுறை வகுத்தேன். 476.837. பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: சேலை அஞ்சரை மீட்டர், பாட்டிமார் கேட்டால் ஆறு கெஜம் என்போம். துணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அளவுகோல் வேறு, அவ்வளவுதான்!

மூன்று மாதம் முடிந்து அதே கடைக்குப் போனேன். விடையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. சர்டிபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வருவியா?" என்றார். காலை பூசை முடிந்து பத்தரைக்கு வருவேன் என்றேன். 11,000 சம்பளம், விற்றால் இன்சென்டிவ் தனி.

சேர்ந்த புதிதில் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலை என் பக்கத்தில் நிற்கும் பையனிடம் எதிர்பார்ப்பார்கள். அவன் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், என்னைப் பார்ப்பான். நான் சொல்வேன். கஸ்டமர் அவனைப் பார்த்துத் தலையாட்டுவார். 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தபோது கூட்டம் ஏறியது. பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, இதில் 11 ஏறுமா என்று கேட்டு வந்தார்கள். மாடல் நம்பரைப் பார்த்து 8ஆம் தலைமுறைக்குக் கீழே என்றால் மைக்ரோசாப்ட் விதிப்படி பெரும்பாலும் தகுதி இல்லை என்று உடனே சொல்ல முடிந்தது. பையன் பக்கம் திரும்பிய தலைகள் அப்போதுதான் கொஞ்சம் குறைந்தன.

நவம்பரில், முந்தின வாரம் லேப்டாப் வாங்கிய இரணியல் பக்கத்து சார் ஒருவர் மனைவியோடு வந்தார். முகத்தில் கடுகு போட்டால் பொரியும். "512ன்னு எழுதி ஒட்டிருக்கிய. உள்ள 476ல்லா கெடக்கு?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்து, "உங்க சேல எத்தன மீட்டரும்மா?" என்றேன்.

"அஞ்சர."

"கெஜத்துல?"

"ஆறு." ஒரு நொடிதான். "அய்ய, அதானா காரியம்!" என்று கணவரிடம் திரும்பினார். அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்து, "மக்களே, 476ம் இல்லியே. சி டிரைவுல 475தான் காட்டுது" என்றார்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருந்த சின்னத் துண்டுகளைக் காட்டினேன். விண்டோஸ் எழுந்துவரவும், கெட்டுப்போனால் மீட்கவும் ஒதுக்கிவைத்த இடம் அது.

"ப்ளவுஸ் பிட்டு" என்றார் அந்த அம்மா.

"அத வெட்டி எடுக்க முடியுமா?" என்று கேட்டார் சார். முடியும், ஆனால் வெட்டாதீர்கள் என்று சொல்லி, மெயிலும் பாஸ்வேர்டும் எழுதிய தாள் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா பர்ஸைத் திறந்து எடுத்துக் காட்டினார்.