லெஃப்ட்-ஹேண்டட்

மே 6, புதன்
நைட் டியூட்டி முடிந்து காட்பாடி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது, இயர்போனை மாட்டிக்கொண்டேன், தேர்வுக்கான இங்கிலீஷ் உச்சரிப்புப் பயிற்சி. ஓல்ட்-ஃபேஷண்ட், மூன்று அசை. அகராதியில் ‘ஃபே’வுக்கு முன்னால் மேலே ஒரு குட்டிக் கோடு, அது முதன்மை அழுத்தம், அந்த அசையைத்தான் ஓங்கிச் சொல்லணும். ‘ஓல்ட்’டுக்கு முன்னால் கோடு கீழே, அது துணை அழுத்தம். சரி. ஆனால் ஆடியோவில் ‘ஓல்ட்-ஃபேஷண்ட் மெடிசின்’ என்று வரும்போது அந்தக் குரல் ‘ஓல்ட்’டைத்தான் ஓங்கிச் சொல்கிறது. அகராதி பொய் சொல்லுமா?

மே 7, வியாழன்
அக்னி நட்சத்திரம். பகல் தூக்கம் போச்சு. அடகு வைத்த வளையல் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மே 9, சனி
பிடிபட்டது! ‘ஹி இஸ் லெஃப்ட்-ஹேண்டட்’ என்று வாக்கியக் கடைசியில் நின்றால் அழுத்தம் ‘ஹேண்ட்’ மேல். பின்னாலேயே ‘பேஷண்ட்’ வந்துவிட்டால் அதன் முதல் அசையும் பலமானது, ரெண்டு பலம் கிட்டக்கிட்ட நின்றால் இடிக்கும், அதனால் முன்னது ‘லெஃப்ட்’டுக்குத் தாவிவிடுகிறது. தர்ட்டீனும் இதே கதைதான்: தனியாக நின்றால் ‘டீன்’ பலம், ‘தர்ட்டீன் பேஷண்ட்ஸ்’ என்றால் ‘தர்’ பலம். அகராதி தனிச்சொல்லுக்குத்தான் கோடு போட்டிருக்கிறது, பாவம் அதைத் திட்டி என்ன ஆகும். மொட்டை மாடியில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நைனா படியேறி வந்து, “இன்னாம்மா, தனியா பேசிக்கினு கீற?” என்றார்.

மே 12, செவ்வாய்
‘கையுள்ள’ என்ற அர்த்தத்தில் ‘ஹேண்டட்’ என்று தனியாக யாரும் சொல்வதில்லை. லெஃப்ட் ஹேண்ட் முதலில் சேர்ந்து, அந்த மொத்தத்தின் வாலில்தான் ‘எட்’ ஒட்டுகிறது. ‘ட’வில் முடிவதால் அதற்குத் தனி அசை. ப்ளூ-ஐட் அப்படியில்லை, ரெண்டே அசை. இதைவிடக் குறும்பு ‘ஏஜ்ட்’: வயசானவரைச் சொல்லும்போது ஏ-ஜிட் என்று ரெண்டு அசை, மிடில்-ஏஜ்டில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. யார் கேட்டது இதையெல்லாம்?

மே 13, புதன்
அடகுச் சீட்டு அலமாரியில் இல்லை.

மே 15, வெள்ளி
எல்லாச் சொல்லும் தாவாது. லைஃப்-த்ரெட்டனிங், டைம்-கன்ஸ்யூமிங் மாதிரி பெயர்ச்சொல் முன்னால், ‘இங்’ பின்னால் என்றால் பெரும்பாலும் முதல் பாதியிலேயே அழுத்தம் உட்கார்ந்துவிடுகிறது, எங்கே வைத்தாலும் நகராது. தேர்வில் நோயாளியிடம் பேசுவதுபோல நடிக்கும் ரோல்-ப்ளேக்கு ஐந்து நிமிஷம்தான், வாயில் தானாக வரணும், யோசித்தால் போச்சு. லாங்-டெர்ம் மெடிகேஷன், ‘லாங்’ பலம். ‘திஸ் இஸ் லாங்-டெர்ம்’, ‘டெர்ம்’ பலம். அக்கா இன்றைக்கும் போன் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டுக்கே போய் வளையலைப் பற்றிக் கேட்டுவிட வேண்டியதுதான்.