பாலிக் பூலாவ் வளைவுகளுக்கு எந்தக் கார்?

மலேசியாவின் பினாங்குத் தீவில் கார் இல்லாமலே காலம் தள்ளலாம் என்று சொல்பவர்கள் அநேகமாக ஜார்ஜ் டவுனுக்குள் குடியிருப்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை, வீடு பாயா தெருபோங் மலையடிவாரத்தில், மகளின் பள்ளி வேறொரு திசையில் என்றால் கதை வேறு. ரேபிட் பினாங்கு பஸ் இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் ஷிப்டு முடித்து வருகிறவனுக்கு அது உதவாது. எல்.ஆர்.டி. எனப்படும் இலகு ரயில் பாதை வேலையே 2025-இல்தான் தொடங்கியது. அதனால் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய எங்களுக்குக் கார் தேவையா என்ற பேச்சே எழவில்லை. எந்தக் கார் என்பதில்தான் வீட்டில் வாரக்கணக்கில் பஞ்சாயத்து ஓடியது. எனக்கு ஓட்டச் சுகமாக, துடிப்பாக இருக்க வேண்டும். மனைவிக்கு, மகளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு மழையில், தீவின் மறுபக்கத்தில் இருக்கும் பாலிக் பூலாவுக்கு மலையேறினாலும் பயமில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்குமா, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

எனக்கு இந்தக் கிறுக்கு ஊரிலேயே பிடித்தது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர்க்காரனுக்கு வண்டிச் சத்தம் காதில் விழாமல் வளர முடியாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில்தான் நான் கியர் போடக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். அங்கே என்னிடம் இருந்தது 1.2 லிட்டர் ஸ்விஃப்ட். நல்ல வண்டி. ஆனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் தேவலையே என்று தோன்றும்.

அந்தக் கொஞ்சம் ஏன் கிடைக்கவில்லை என்பது இங்கே வந்து விலைப்பட்டியல்களைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெளிவாக உறைத்தது. இந்தியாவில் 2006 பட்ஜெட், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியை 24-இலிருந்து 16 சதவிகிதமாகக் குறைத்தது. அன்றிலிருந்து நம் சின்னக் கார்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டன. 2005-இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்த ஸ்விஃப்டே 2010-இல் 1.2-க்கு இறங்கியது. ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இந்திய ஷோரூமுக்கு வரவே இல்லை.

மலேசியாவில் கோடு வேறு இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. தீபகற்பத்தில் தனியார் பெயரில் உள்ள சாதாரணக் காருக்குச் சாலை வரி 1,201 முதல் 1,400 சி.சி. வரை ஆண்டுக்கு 70 ரிங்கிட், 1,401 முதல் 1,600 வரை 90 ரிங்கிட். அதைத் தாண்டினால் 200 ரிங்கிட்டில் தொடங்கி ஒவ்வொரு சி.சி.க்கும் 40 சென் கூடுகிறது. அதாவது 1,600 வரை சொகுசாக இருக்கலாம். இங்கே துடிப்பான சின்னக் கார்கள் பலவும் 1.5, 1.6 லிட்டரில் வந்து நிற்பதற்கு இந்தப் பட்டியலுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஊரில் 1.2 ஓட்டியவனுக்கு இதுவே பெரிய விடுதலை.

என் மனதில் முதலில் இருந்தது ஸ்விஃப்ட் ஸ்போர்ட்தான். 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத் திறன், 230 நியூட்டன் மீட்டர் இழுவை, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எஞ்சின் 1,373 சி.சி. என்பதால் சாலை வரி வெறும் 70 ரிங்கிட்! ஆனால் 2021-இல் இங்கே வந்தபோது அதன் விலை 1 லட்சத்து 40 ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டி இருந்தது. குதிரை ஒன்றுக்கு ஆயிரம் ரிங்கிட். மலேசியாவில் கார் கலால் வரி 60 சதவிகிதத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. உள்ளூர்ப் பாகங்களுக்குக் கிடைக்கும் சலுகை வெளிநாட்டில் பூட்டி வரும் வண்டிக்கு இல்லை. கார் அந்த விலைக்குத் தகுதியானதுதான். என் வீட்டுக் கணக்குக்குத் தகுதியானதாக இல்லை.

அடுத்து கண்ணில் பட்டது மலேசியக் கம்பெனியான புரோட்டோனின் சட்ரியா நியோ. 2006-இல் வந்தது. அப்போது லோட்டஸ் நிறுவனம் புரோட்டோனின் கையில் இருந்தது, அதன் கைவண்ணம் சஸ்பென்ஷனில் தெரியும். சக ஊழியர் ஒருவரின் வண்டியை துன் சார்டோன் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். திருப்பும்போது முன்சக்கரம் எங்கே கடிக்கிறது என்று உள்ளங்கைக்கு அப்படியே தெரிகிறது. பழைய வண்டி, உள்ளே பிளாஸ்டிக் எல்லாம் கடகடக்கிறது, ஆனாலும் இறங்க மனம் வரவில்லை. தனியாளாக வந்திருந்தால் அன்றைக்கே பேசி முடித்திருப்பேன். பின்பக்கம் கதவு இல்லை. முன்சீட்டை மடக்கி, உடம்பை நுழைத்து, கார் சீட்டில் பிள்ளைக்குப் பெல்ட் மாட்ட வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து குழந்தைகளுக்கான இருக்கை இங்கே சட்டப்படி கட்டாயம். கொட்டும் மழையில் ஒருமுறை மாட்டிப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையைப் பிழிந்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

மிச்சம் இருந்தது மைவி. பினாங்கில் எந்தச் சிக்னலில் நின்றாலும் முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. 2005-இல் தொடங்கி மூன்று தலைமுறை. மலேசியக் கம்பெனியான பெரோடுவாவின் தயாரிப்பு, அடியில் ஜப்பானின் டைஹட்சு தொழில்நுட்பம். இதைப் போய் துடிப்பான கார் என்று சொல்வதா என்று நானும் ஆரம்பத்தில் உதட்டைப் பிதுக்கினேன். பினாங்குப் பாலத்தில் அதுவே என்னைக் கடந்து போனதைப் பார்த்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தேடினேன். 1.5 லிட்டர், 102 குதிரை, ஒரு டன்னை ஒட்டிய எடை. என் பழைய ஸ்விஃப்ட் 85 குதிரை என்பதை நினைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கினாலே உச்ச வகை 60 ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டித்தான். குதிரைக்கு 600 ரிங்கிட்டும் ஆகவில்லை.

இதில் ஒரு சிக்கல். 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையில், 1.5 எஸ்.இ. வகை ஐந்து கியர் மேனுவலோடு கிடைத்தது. இங்கே நான் முதலிலிருந்து லைசென்ஸ் எடுத்தபோது, ஆட்டோவுக்கு மட்டும் எடுத்தால் போதுமே என்று பலர் சொல்லியும் மேனுவலுக்குத்தான் போனேன். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுத்துக் காட்டினால்தான் பாஸ். அதை இந்த ஆசைக்காகவே செய்தேன். ஆனால் அந்தத் தலைமுறையில் ஏர்பேக் இரண்டுதான். வண்டி வழுக்கினால் தானாகப் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறையில் அது எல்லா வகையிலும் உண்டு, 1.5-இல் ஆறு ஏர்பேக், ஏ.வி. வகையில் தானியங்கி பிரேக்கும் உண்டு. அந்த 1.5-க்கு மேனுவல் மட்டும் இல்லை. 2021 வரை நான்கு கியர் ஆட்டோ, அதன் பிறகு கியர் படிகளே இல்லாத சி.வி.டி. ஆட்டோ.

பட்டர்வொர்த்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் யோசனை கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். முதலில் அவர் காரைப் பற்றிப் பேசவே இல்லை.

"தம்பி, உன் பாஸ் எத்தன வருசம்?"

"ரெண்டு வருசம்ணே. அப்புறம் புதுப்பிக்கணும்."

"அப்ப அத மொதல்ல யோசி. நாளைக்கே கெளம்பச் சொன்னா காடிய யாரு தலையில கட்டுவ? மைவின்னா ஒரு வாரத்துல போயிடும். மத்தது எல்லாம் ஆள் தேடணும். ஜப்பான் காடி சாமானுக்கு ஹாஃப்-கட் கடை கடையா அலையணும்."

(ஹாஃப்-கட் என்றால் பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்களின் பாகங்கள்.) ஊரில் கார் வாங்கும்போது விற்பதைப் பற்றி யாரும் இப்படி முதல் கேள்வியாகக் கேட்டதில்லை. வேலைப் பாஸில் இருக்கிறவனுக்கு இதுதான் அசல் கணக்கு. கடனும் அப்படித்தான். நான் விசாரித்தபோது வங்கிகள் சொன்னது ஃப்ளாட் வட்டி: 50 ஆயிரம் ரிங்கிட்டை 3 சதவிகிதத்தில் 7 வருடத்துக்கு எடுத்தால் வட்டி 10,500, மாதத் தவணை 720 ரிங்கிட். காதுக்கு 3 என்று இனிக்கும். அசல் குறையக் குறைய வட்டி குறையாததால் உண்மையில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரண்டு வருடப் பாஸை வைத்துக்கொண்டு ஏழு வருடக் கடனில் கையெழுத்துப் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. கையில் இருந்த சேமிப்புக்குள் முடிப்பது என்று அப்போதே தீர்மானித்தோம். அப்படியென்றால் பழைய வண்டிதான்.

பெட்ரோலையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் அதிகம் விசாரிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட் ஆனது. நமக்கு மானியம் இல்லாத விலை, அப்போது 2.60. மாதம் ஆயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்று வைத்தால் 67 லிட்டர். பக்கத்து வீட்டுக்காரரைவிட நாம் மாதம் 40 ரிங்கிட் சொச்சம் அதிகம் கொடுக்கிறோம். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் பெரிய வண்டியாக இருந்தால் அது 75-ஐத் தாண்டும். சின்ன எஞ்சின் இங்கே வெளிநாட்டானுக்கு இரட்டிப்பு லாபம்.

வண்டி பார்க்கப் போனபோது அந்த அண்ணனையும் கூட்டிப் போனேன். சுங்கை பட்டாணியில் 2018 ஏ.வி. ஒன்று, வெளியே பளபளவென்று இருந்தது. அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. பின்கதவைத் திறந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினார். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசிச் சாணில் காவி நிறத்தில் மெல்லிய கோடு. விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். பிறகு டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழிக்குள் கைவிட்டு, போல்ட் தலையில் படிந்திருந்த பொடி மண்ணை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "தண்ணியில நின்ன காடி. வா, போவோம்." 2017 நவம்பர் வெள்ளத்தைப் பினாங்கு இன்னும் மறக்கவில்லை, அதற்குப் பிறகும் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறாத வருடம் இல்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் தீவிலேயே, ஓர் ஆசிரியையிடமிருந்து அதே 2018-ஆம் ஆண்டின் மைவி 1.5 கிடைத்தது. பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை சுத்தமாகத் தேறியது.

ஓட்டத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். உயரமான உடம்பு, அதனால் வளைவில் சாய்கிறது. ஸ்டியரிங் லேசாக இருக்கிறது, சட்ரியா பேசியதுபோல அது கையோடு பேசுவதில்லை. ஏற்றத்தில் ஆட்டோ கியர் இரண்டா மூன்றா என்று தடுமாறும். லீவரை நாமே கீழே தட்டிவிட்டால் சமர்த்தாக இரண்டில் நின்று இழுக்கும். ஆனால் தெலுக் பஹாங் அணைக்கட்டைத் தாண்டி தீத்தி கெராவாங் அருவிப் பக்கம் ஏறி பாலிக் பூலாவுக்குப் போகும் அந்தச் சாலை இருக்கிறதே, அது இருவழிதான், குறுகல். அங்கே 140 குதிரைக்கு எங்கே வேலை? வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஒரே பிடியில் திருப்பி, வெளியே வரும்போது சீராக அழுத்தினால் 102 குதிரையும் உழைக்கும். வால்பாறையில் 85-ஐ வைத்துக்கொண்டு இதையேதான் செய்தேன். சின்னக் காரின் சந்தோஷம் அதன் முழுத் திறனையும் சட்டத்துக்குள் நின்றே பயன்படுத்த முடிவதில் இருக்கிறது. பாலத்தில் 80-க்கு மேல் போகக் கூடாத ஊரில் இது பெரிய விஷயம்.

டுரியான் பழப் பருவத்தில் மேனுவலை விட்டுக்கொடுத்த வருத்தமும் போய்விட்டது. வளைவைத் திரும்பினால் கடை, கடை முன்னால் நடுரோட்டில் நிற்கும் கார்கள். மேலே மழை, தரையில் ஈர இலை. ஒரு நாள் அப்படித் திரும்பும்போது பின்பக்கம் லேசாக விலகியது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கியது, வண்டி தானாகவே நேரானது. பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு விளக்குக்காக இன்னும் ஐயாயிரம் ரிங்கிட் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

இன்ஷூரன்ஸில் புதிதாக வருகிறவனுக்கு முதல் வருடம் பூச்சியம் சதவிகிதத் தள்ளுபடி, முழுப் பிரீமியம். ஒரு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் 25 சதவிகிதம், அடுத்து 30, அப்படியே ஐந்து வருடத்தில் 55 வரை ஏறும். எங்களுக்கு இந்த வருடம் அந்த 25 கிடைத்திருக்கிறது. மிச்சமான பணத்தை நாலு டயருக்கு ஒதுக்கியாயிற்று. 15 இஞ்சு அளவு என்பதால் தேர்வுக்குப் பஞ்சமில்லை. அகலமான ஸ்போர்ட்ஸ் டயர் போடலாமே என்று கடைக்காரர் கேட்டார். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயராகக் கொடுங்கள், கம்பெனி அளவே போதும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் மாட்டுகிறார்கள்.