குளிசை தந்த கை இல்லாத வீட்டில் சோதனைக்குப் படிப்பது

வலிப்புள்ள பிள்ளைக்கு இரவில் குளிசையை எடுத்து நீட்டுவது பெரும்பாலும் அம்மாதான். கிளினிக் கொப்பி எந்த அலுமாரியில் கிடக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவர் இறந்துபோனால், படிப்பு அட்டவணை போடமுதல் இந்த வேலை யாருடையது என்று முடிவெடுங்கள். சித்தியோ மாமாவோ, ஒரே ஒருவர். 'எல்லாரும் பாப்பம்' என்ற வீட்டில் ஒருவரும் பார்ப்பதில்லை.

செத்தவீடு தொடங்கி அந்தியேட்டி முடியும்வரை கூடுதல் கவனம் வேண்டும். நித்திரை முழிப்பு, பட்டினி, தவறிய குளிசை மூன்றும் சேர்ந்தால் பல மாதம் வராத வலிப்பும் திரும்பி வரும். கொள்ளி வைக்கிற மகனென்றால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். கீரிமலையில் தனியே முழுகுவதும், கிணற்றுக்கட்டில் தனியே நின்று தண்ணீர் அள்ளுவதும் வேண்டாம். அயலவர் அன்பாகத் தரும் நித்திரைக் குளிசையும் வேண்டாம். ஒருவேளை மருந்து மறந்தால் நினைவு வந்தவுடன் போடலாம். அடுத்த வேளை கிட்டிவிட்டால் அதை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது.

லெவெற்றிராசெற்றம் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் சிலருக்குச் சினமும் மனச்சோர்வும் கூடும். எரிந்து விழுகிற பிள்ளையை 'துக்கம்தானே' என்று விட்டுவிடுகிறார்கள்; துக்கத்தோடு மருந்தும் சேர்ந்திருக்கலாம். கிளினிக்கில் சொல்லுங்கள். தாங்களாக நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரலாம்.

படிப்பில் எங்கள் கண்ணுக்குப் பெரிய எதிரி விடியக்காலை ரியூசன். இரவு பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழும்புகிற பிள்ளைக்குத்தான் படித்தது மனதில் நிற்கும். வலிப்பு வந்த அன்று புதுப் பாடம் தொட வேண்டாம். மூளை தெளியச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாளும் பிடிக்கும். அந்த நேரத்தில் படித்து ஒன்றும் ஏறாவிட்டால் 'நான் மொக்கு' என்று பிள்ளை உடைந்துபோகும்.

சோதனை விண்ணப்பம் அனுப்பும்போதே வைத்தியரின் கடிதத்தை அதிபரிடம் கொடுத்து விசேட ஏற்பாடு கேளுங்கள். கடைசிக் கிழமையில் ஓடித் திரிவதில் பலனில்லை. கீழ்மாடியில், வாசலுக்குக் கிட்ட ஓர் இருக்கை கிடைத்தால் நல்லது. மண்டப மேற்பார்வையாளரிடம் சிறு துண்டொன்று இருக்கட்டும்: தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவிடுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், வலிப்பை நிறுத்தவென்று கையில் திறப்புக்கொத்தும் கொடுக்க வேண்டாம், 5 நிமிடம் தாண்டினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்தத் துண்டில் வீட்டு எண்ணையும் எழுதுங்கள். பாடசாலைப் பதிவில் இன்னும் அம்மாவின் எண்தான் கிடக்கும்.