சமையலறையில் ஒரு பாலிங் பேச்சுவார்த்தை

மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு எஸ்.பி.எம். வரலாற்றில் தேறினால்தான் அதன் சான்றிதழ் என்று ஆனது 2013-ல். அதற்கு முன்பு மலாய் மொழியில் மட்டும் தேறினால் போதும். நான் அந்த முதல் பேட்ச். மலாய் தேறியது, வரலாற்றில் ஜி, அதாவது ஃபெயில். மற்ற பாடங்கள் எப்படி வந்திருந்தாலும் சான்றிதழ் கிடையாது. பினாங்கின் பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆபரேட்டர் வேலைக்கு அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். டெக்னீஷியன் வேலைக்கு மனுப் போட்டபோதுதான் முதல் கேள்வியே அதுவாக வந்தது.

தவறிய பாடத்தை மட்டும் தனியாகப் பதிந்து மறுபடி எழுதலாம். பதிவு, கட்டணம் எல்லாம் பெரிய தலைவலி இல்லை. தலைவலி புத்தகத்தில் இருந்தது. நான் பள்ளியில் நான்காம் படிவத்தில் மெசபடோமியா, சிந்துவெளி என்று நாகரிகங்களைப் படித்தவன். இப்போது பாடத்திட்டமே வேறு. 2021 முதல் தேர்வுக்கு வரும் புதிய திட்டத்தில் நான்காம் படிவப் புத்தகம் தேசிய உணர்விலிருந்து நேராக மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் வரை போகிறது. ஜெலுத்தோங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய், ஐந்தாம் படிவம் படிக்கும் அவர் மகளிடம் புத்தகத்தைக் கடன் கேட்டேன். “தரேன் மாமா, ஆனா நீங்க என்னோடதான் படிக்கணும்” என்றாள். அவளுக்கும் அதே ஆண்டு தேர்வு.

‘ஆக்கபூர்வக் கற்றல்’ என்று இணையத்தில் தேடினால் வருவதில் பாதி ஸ்டேஷனரிக் கடை விளம்பரம் மாதிரி இருக்கும். வண்ண ஹைலைட்டர், மனவரைபடம், ஸ்டிக்கர். அவளிடம் இவை எல்லாமே இருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் பிரிட்டிஷார் கொண்டுவந்த ஆட்சி முறையான மலாயன் யூனியனைச் சுற்றி ஊதா நிறத்தில் வட்டம் போட்டு முடித்த பிறகு, அதை ஏன் எதிர்த்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேருமே முழித்தோம். கை மட்டும்தான் வேலை செய்திருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வருபவனுக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

மாறியது பாலிங் பேச்சுவார்த்தைப் பாடத்தில். 1955 டிசம்பர் 28, 29 தேதிகளில் கெடாவின் பாலிங்கில் நடந்தது. ஒரு பக்கம் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூரின் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயா சீனர் சங்கத்தின் டான் செங் லோக். எதிர்ப்பக்கம் காட்டிலிருந்து ஆயுதப் போராட்டம் நடத்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சின் பெங், ரஷீத் மைடின், சென் தியென். பக்கத்துக்கு மூன்று பேர். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அவள் துங்கு, நான் சின் பெங், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா டான் செங் லோக். அம்மாவுக்கு வசனம் இல்லை, தலையாட்டினால் போதும் என்று சொல்லி வைத்தோம்.

விதி ஒன்றுதான்: புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, ஆனால் புத்தகத்தில் இல்லாததைச் சொல்லவும் கூடாது. “சரணடையுங்க, மன்னிப்பு தரேன்” என்றாள். “எங்கள் கட்சியை அங்கீகரி, விசாரணை இல்லாமல் எங்களை ஊருக்குள் விடு” என்றேன். “முடியாது.” “அப்போ காட்டுக்கே திரும்பிப் போறோம்.” இந்த இடத்தில் டான் செங் லோக் ஒப்பந்தத்தை மீறிப் பேசிவிட்டார்: “போய் என்னத்தச் சாப்புடுவ?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் அதுதான் சரியான கேள்வி. 1950-ல் வந்த பிரிட்டிஷாரின் பிரிக்ஸ் திட்டம் குறிவைத்ததே அந்தச் சாப்பாட்டைத்தான். காட்டோரமாகச் சிதறி வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றி, கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போகும் அரிசியையும் மருந்தையும் தகவலையும் அறுத்தார்கள். அம்மா சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால் வெட்டப் போகும் ஆட்களை கேட்டில் நிறுத்தி, தூக்குச்சட்டியில் சோறு இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார்களாம். தாத்தா சொல்லிக் கேட்டது. வெறும் வயிற்றோடு பால் வெட்டிவிட்டு வந்துதான் சாப்பாடு. அத்தனை வருடத்தில் அம்மா இதை எனக்குச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை. பிரிக்ஸ் திட்டத்தின் நோக்கம் என்ன என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு நான் குறிப்பு எழுதிப் படிக்கவே இல்லை.

பாலிங்கில் உடன்பாடு வரவில்லை. அதை எல்லோரும் எழுதுவார்கள். நான் சின் பெங்காக உட்கார்ந்திருந்ததால்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்பும் ராணுவமும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கைக்கு வந்தால் ஆயுதத்தைக் கீழே வைக்கிறோம் என்று அவர் ஒரு வார்த்தை விட்டார். ஜூலையில் நடந்த தேர்தலில் 52-ல் 51 இடங்களைப் பிடித்திருந்த துங்கு, அந்த வார்த்தையையும் எடுத்துக்கொண்டு 1956 ஜனவரியில் லண்டன் போனார். 1956 பிப்ரவரி 8-ல் சுதந்திரத்துக்கான ஒப்பந்தம். தனித்தனி அத்தியாயங்களாகக் கிடந்த தேர்தல், பாலிங், லண்டன் மூன்றும் அன்றைக்குத்தான் எனக்கு ஒரே கதையாகச் சேர்ந்தது.

அப்புறம் இதே வேலையாகிவிட்டது. பிரிட்டிஷ் தூதர் மெக்மைக்கேல் 1945 அக்டோபரில் வந்து மலாயன் யூனியனுக்காக சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கிய கதையில் நான் மெக்மைக்கேல், அவள் ஒன்பது சுல்தான்களும். “ஜப்பான்காரனோட சேர்ந்திருந்தீங்களான்னு விசாரிப்போம், கையெழுத்துப் போடலன்னா உங்கள சுல்தானா ஏத்துக்க மாட்டோம்” என்று மிரட்ட வேண்டும். மிரட்டியபோது அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. 1946 ஏப்ரல் 1-ல் மலாயன் யூனியன் தொடங்கியபோது மலாய்க்காரர்கள் சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி கட்டி ஒரு வாரம் துக்கம் காத்ததும், ஆளுநர் எட்வர்ட் ஜென்ட்டின் பதவியேற்புக்கு சுல்தான்கள் போகாமல் இருந்ததும் அந்தக் கோபத்தோடு சேர்ந்து அவளுக்குப் பதிந்தது. “நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்” என்ற தினுசில் இரண்டாம் தாளில் வரும் கேள்விகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

அவள் இல்லாத நாட்களுக்கு ஃபேக்டரி பஸ். கேள்வியை மலாயில் போனில் பதிவு செய்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, பிறகு பதிலைப் பதிவு செய்துகொள்வேன். அந்த இடைவெளியில் நான் பதில் சொல்லியாக வேண்டும். வாய்க்குள் முணுமுணுப்பேன். பக்கத்து சீட்டு நேப்பாளத் தம்பி, நான் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இதற்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பதை நம்பக் கூடாது என்பது எனக்கு அந்த பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது.

ஓய்வு நாளில் ஜார்ஜ்டவுன் போவோம். கார்ன்வாலிஸ் கோட்டையில் ஜப்பானியர் காலம். 1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்ததும், பிரிட்டிஷ்காரர்கள் ஐரோப்பியரை மட்டும் ரகசியமாக வெளியேற்றிவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கோட்டையில் பறந்த யூனியன் ஜாக்கை இறக்கியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகை ஆசிரியர் சரவணமுத்து, இலங்கைத் தமிழர். இனி குண்டு போடாதே என்று ஜப்பான்காரனுக்குக் காட்ட. கொடிக்கம்பத்தடியில் நின்றபடி, ஆட்சி செய்தவனே ஓடிவிட்டால் மக்கள் அவனை மறுபடி நம்புவார்களா என்று அவளைக் கேட்டேன். ஜப்பானிய ஆட்சி ஏன் தேசிய உணர்வைக் கிளப்பியது என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதிலில் பாதி அதில் வந்துவிட்டது. மிச்சத்தைப் பக்கத்துப் பாடாங் கோத்தாவில் பசம்பூர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

எல்லாவற்றையும் இப்படி நடித்துத் தள்ள முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் படிவத்தில் அரசியலமைப்பு, கூட்டரசு, மாநில அதிகாரங்கள் என்று வரும் பகுதிகளில் சண்டை போட ஆளே இல்லை. நடிக்க முயன்று பார்த்தோம், இரண்டு பேருக்கும் கொட்டாவிதான் வந்தது. அதைப் பழைய முறையில் எழுதி எழுதித்தான் ஏற்றினேன். படிப்பு எல்லாமே விளையாட்டாக இருக்க வேண்டும் என்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் திறந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு இருந்த இன்னொரு சிக்கல் தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்களுக்குத் தெரியும். விஷயம் தெரியும், மலாயில் வாக்கியம் வராது. அதனால் ஒவ்வொரு நாடகமும் முடிந்ததும், தமிழில் சண்டை போட்டதையே அப்போதே மலாயில் ஒரு பத்தி எழுதுவோம். சூடு ஆறுவதற்குள் எழுத வேண்டும். என் பத்தியை அவள் திருத்துவாள், கொஞ்சம்கூட இரக்கம் இல்லாமல்.

முதல் தாள் நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம், நேரம் மிஞ்சியது. இரண்டாம் தாளில் எழுதி எழுதிக் கை வலித்தது, ஆனால் எழுத விஷயம் இருந்தது. முடிவில் எனக்கு பி, அவளுக்கு ஏ. சான்றிதழ் வந்த வாரமே ஃபேக்டரியில் நகல் கொடுத்துவிட்டேன், நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். லைனில் என்னோடு நிற்கும் இரண்டு பேர் அடுத்த முறை எழுதப் பதிந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஒருத்தர் கிடைத்தால் இந்த முறை பக்கத்துக்கு மூன்று பேர் சரியாக வரும். டான் செங் லோக்காக மட்டும் இனி இருக்க முடியாது, வசனம் வேண்டும் என்கிறார் அம்மா.