நாலு பேரில் ஒருத்தி

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயது ஆகாத ஒரு பிள்ளை தனியாகக் கார் ஓட்ட வேண்டுமானால், அதற்கு முன் உரிமம் உள்ள பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து 120 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். கிளம்பிய இடம், சேர்ந்த இடம், எத்தனை கிலோமீட்டர், மழையா வெயிலா என்று ஒவ்வொரு பயணத்தையும் ஒரு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் மகளின் புத்தகத்தில் இரவுப் பக்கங்கள் பெரும்பாலும் புதன்கிழமைகள். சேர்ந்த இடம் என்ற கட்டத்தில் வாரா வாரம் ஒரே ஊர். அங்கேதான் எங்கள் பகுதி எஸ்.இ.எஸ். கொட்டகை இருக்கிறது. எனக்கு அங்கே பயிற்சி. அவள் ஓட்டிக்கொண்டு வருவாள், நான் முடிச்சுப் போடக் கற்கும் இரண்டு மணி நேரமும் அங்கிருக்கும் சமையலறை மேசையில் வீட்டுப்பாடம் செய்வாள், திரும்ப ஓட்டிக்கொண்டு போவாள்.

எஸ்.இ.எஸ். என்றால் மாநில அவசரகாலச் சேவை. புயலில் கூரை பிய்ந்தால், வெள்ளம் வந்தால், வீட்டின் மேல் மரம் சாய்ந்தால் 132 500 என்ற எண்ணைக் கூப்பிடுகிறோம். ஆரஞ்சு உடையில் வந்து நிற்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தன்னார்வலர்கள். பகலில் ஒருவர் குழாய் வேலை பார்ப்பார், ஒருவர் பள்ளி ஆசிரியை, நான் சம்பளக் கணக்கு எழுதுகிறவள். கூலி கிடையாது. கோயிலில், கடையில் பார்க்கும் நம்மவர்கள் பலர் "அது கவர்ன்மென்ட் வேலையா? எப்படிச் சேர்ந்தீங்க?" என்று கேட்கிறார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் விண்ணப்பப் படிவத்திலிருந்து என்னால் தொடங்க முடியாது.

நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேணும் என்று அப்பா சொல்வார். முடிச்சூரில் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அந்த நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. இலை நறுக்க ஒருவர், பந்தியைக் கவனிக்க ஒருவர், அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன். 2009இல் நாலு வயது மகளோடு சிட்னிக்கு வந்து இறங்கினோம். 2011இல் அவள் கிண்டர்கார்டன் போன முதல் நாள், பள்ளி வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான். 2013இல் குடியுரிமை விழா. கையில் ஒரு மரக்கன்று கொடுத்தார்கள். அன்றைக்கும் படம் எடுக்க ஆள் இல்லாமல், பின்னால் நின்ற குடும்பத்திடம் போனை நீட்டினோம். இதெல்லாம் பெரிய குறையாகத் தெரியவில்லை, 2015 டிசம்பர் வரை.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அடையாறு கரை மீறிவிட்டது என்று இங்கே கணினித் திரையில் படித்துக்கொண்டிருந்தேன். முடிச்சூரில் அப்பா, அம்மா இருவருடைய போனும் எடுக்கவில்லை. தம்பி பெங்களூரில் மாட்டிக்கொண்டான். விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் போனிலிருந்து அம்மா பேசினாள். மேல்வீட்டில் இரண்டு ராத்திரி இருந்திருக்கிறார்கள். பிறகு மீனவப் பிள்ளைகள் படகோடு வந்து இறக்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு முட்டி மடங்காது. படகில் ஏற முடியாமல் நின்றவரிடம் ஒரு பையன், "பெருசு, கைய என் தோள்ல போடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றானாம். அந்தப் பையன் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். கடலிலிருந்து அவ்வளவு தூரம் படகைக் கொண்டு வந்தவன், அடுத்த தெருவுக்குப் போய்விட்டான்.

2018இல் மகள் பெரியவளானாள். பள்ளி நாட்கள், ஊருக்குப் போக முடியவில்லை. தாய்மாமன் சீர்வரிசைத் தட்டைத் தம்பி தன் வீட்டில் வைத்துப் போன் திரையில் காட்டினான். இங்கே பாத்திரக் கடை நடத்தும் ஓர் அக்கா, எங்களுக்கு உறவே இல்லாதவர், அதிகாலையில் வந்து மகளுக்கு நீர் ஊற்றினார். அன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் நெடுநேரம் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தேன்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் அப்பா போய்விட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியே போகவே அப்போது தனி அனுமதி வேண்டும். போனால் இந்தியாவிலிருந்து திரும்பி வர விமானம் கிடையாது. தம்பி மட்டும் தள்ளி நின்றிருக்கிறான். அப்பாவைத் தூக்கியவர்கள் தலை முதல் கால் வரை கவச உடையில் இருந்த நாலு பேர். முகம் தெரியாது. சொந்தமும் கிடையாது.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், மார்ச்சில், இங்கே வாரகம்பா அணை வழிந்து ஹாக்ஸ்பரி ஆறு ஊருக்குள் வந்திருந்தது. எங்கள் தெருக்கோடியில் ஆரஞ்சு உடைக்காரர்கள் மணல் மூட்டை இறக்குவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். வேடிக்கைதான் பார்த்தேன். அப்பா போன பிறகு அந்தக் காட்சி என்னை விடவில்லை. என் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முகம் தெரியாத நாலு பேர் வந்திருக்கிறார்கள். நான் யார் வீட்டுக்கும் அப்படிப் போனதில்லை.

சிட்னியின் நீண்ட பொதுமுடக்கம் அக்டோபரில் தளர்ந்தது. நவம்பரில் மகள் 'எல்' பலகை வாங்கினாள். அதே மாதம் நான் விண்ணப்பம் போட்டேன். "அவ பதினொண்ணாவது போறா. இப்போ போய் எதுக்கும்மா?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. புதன்கிழமை சமையலை அவர் ஏற்றுக்கொண்டது வரை பேசி முடித்த பிறகுதான் அனுப்பு பொத்தானை அழுத்தினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் பேசாமல் இதில் இறங்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கும் அழைப்பு வரும்.

விண்ணப்பம் இணையத்தில்தான். அடையாள ஆவணங்கள், குற்றப் பின்னணிச் சோதனைக்கான ஒப்புதல், பிறகு கிளையில் நேரில் ஒரு பேச்சு. வாரத்தில் எத்தனை மணி நேரம் தர முடியும், உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார்கள். உயரம் என்றால் எனக்குக் கால் நடுங்கும், ஏணியில் ஏற மாட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். நிராகரிப்பார்கள் என்றே நினைத்தேன். எதிரே இருந்த அம்மையார், கூரை வேலை பாதிதான் என்றார். வானொலியில் பேச, வரைபடம் பார்க்க, அழைப்புகளைப் பதிய, களத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு அனுப்ப, வீடு வீடாகப் போய் மக்களிடம் பேச ஆள் தேவை என்றார். என்ன மொழிகள் தெரியும் என்று கேட்டார். தமிழ் நன்றாக, இந்தி கொஞ்சம் என்றேன். அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

நம்மவர்கள் தயங்குவது பெரும்பாலும் இங்கேதான். நம் ஆங்கிலம் போதுமா, நம் வயசுக்கு ஒத்துவருமா என்று. எனக்கு அப்போது 46.

பயிற்சியில் முதலில் வந்தது மணல் மூட்டை. மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும், வாயைக் கட்டக் கூடாது, அடியில் மடித்து வைக்க வேண்டும், செங்கல் சுவர் போல இணைப்பு மாறி மாறி வர அடுக்க வேண்டும். திணறத் திணற நிரப்பிக் கட்டினால் மூட்டை கல் மாதிரி ஆகிவிடும், இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். பிறகு முடிச்சுகள். பௌலைன் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். எவ்வளவு இழுத்தாலும் இறுகாத கண்ணி. கிணற்று வாளிக்கு அப்பா போடுகிற முடிச்சு அப்படியே இருந்தது. கை தானாகப் போட்டுவிட்டது. எங்கே கற்றாய் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

எனக்கு மிகவும் உபயோகப்பட்டது ஆற்றைப் பற்றிய வகுப்பு. ஹாக்ஸ்பரி-நேப்பியன் பள்ளத்தாக்கு ஒரு தொட்டி மாதிரி. ஐந்து குழாய்கள் திறந்திருக்கின்றன, வெளியே போக ஒரே சின்ன ஓட்டை. பல ஆறுகள் வந்து சேர்கின்றன, கீழே மணற்பாறைகளுக்கு நடுவே குறுகின வழியில் நீர் தேங்கிப் பின்னோக்கி ஏறுகிறது. ஆற்றைக் கண்ணால் பார்க்காத தெருக்களுக்கும் ஓடை வழியாக வெள்ளம் பின்பக்கமாக வரும். அந்த ஆற்றங்கரை ஊரான வின்ட்ஸரில் 1867இல் வெள்ளம் 19.7 மீட்டர் ஏறியிருக்கிறது. இப்போது அந்தப் பள்ளத்தாக்கின் ஓரங்களில் புது வீடுகள் எழும்பிவிட்டன. அவற்றில் நம் குடும்பங்கள் எத்தனையோ. இங்கே இருக்கும் தமிழர்கள் எல்லோருக்கும் இந்தத் தொட்டிக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வீடு வாங்கும்போது வாசல் திசை பார்க்கிறோம், வெள்ள வரைபடத்தையும் பார்க்க வேண்டும்.

2022 மார்ச் வெள்ளத்தில் நான் பயிற்சி முடிக்காதவள். மூட்டை நிரப்புவதோடு சரி. ஜூலையில் மறுபடி வந்தது. வின்ட்ஸர் பாலம் நீருக்குள் போய்விட்டது. அன்று கதவு தட்டும் குழுவில் என்னைப் போட்டார்கள்.

ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. வாசலில் மாக்கோலம். நான் தமிழில் "யாருங்க வீட்டுல?" என்று குரல் கொடுத்தேன். உடனே திறந்தது. கும்பகோணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த பெரியவர், அவர் மனைவி. மகளுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. மருமகன் வரும் வழி அடைபட்டுவிட்டது. சீருடையைப் பார்த்துவிட்டு "நீங்க போலீஸாம்மா?" என்றார்.

"இல்லீங்கய்யா. உதவிக்கு வந்திருக்கோம். இப்போ கிளம்பினா நல்லது."

"ஆறே கண்ணுல படலையேம்மா. காவேரிக்கரையில பொறந்தவன் நான், வெள்ளம் எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். நான் அந்தத் தொட்டிக் கதையைச் சொன்னேன். ஓடை பின்பக்கமாக வரும், ராத்திரியில் வரும், முதலில் சாலையை அடைக்கும், பிறகு வெளியே போக வழியிருக்காது என்று சொன்னேன். அவர் மகளுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "அப்பா, அவங்க சொல்றபடி கேளுப்பா" என்று அந்தப் பெண் அழுதாள். அவள் குரலில் நான் 2015இல் பேசியதைக் கேட்டேன். பி.பி. மாத்திரை, பாஸ்போர்ட், கம்பளி, சாமி படம் ஒன்று. அரைத்த மாவை என்ன செய்ய என்று அந்த அம்மா கேட்டார். மூடி ஒரு பையில் வைத்தோம். வாசல் படி மழையில் வழுக்கியது. பெரியவர் தயங்கி நின்றார்.

"கையை என் தோள்ல போடுங்கய்யா."

எனக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. படியிறங்கி வண்டி வரை அப்படியே நடந்தோம். அவர்களைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு நாங்கள் அடுத்த தெருவுக்குப் போனோம். என் பெயரை அவர் கேட்டாரா என்று நினைவில்லை.

கொட்டகைக்குத் திரும்பியபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. வாசலில் எங்கள் கார். மகள் ஸ்டியரிங்கில், கணவர் பக்கத்தில். நான் கம்பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறினேன். அவள் ஓட்டும்போது நான் பின்னால் உட்கார்வது அதுதான் முதல் தடவை. எட்டு வருஷம் அவள் உட்கார்ந்து பள்ளிக்குப் போன இடம். கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. வைப்பர் வேகமாக ஓடியது. ஒரு திருப்பத்தில் சாலையில் தண்ணீர் மினுங்கியதும், யாரும் சொல்லாமலே நிறுத்தி, வண்டியைத் திருப்பி, சுற்று வழியில் போனாள்.

வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். இரவு. 55 நிமிடம். கனமழை. சாலை ஈரம். அப்பாவிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினாள். அன்றோடு 74 மணி நேரம் ஆகியிருந்தது.